டெக்கிலா குடிச்சா உடம்பு இளைக்குமா? - ஒரு பி.காம் மாணவனின் கணக்கு

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. பி.காம் மூணாம் வருஷம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வரவு, செலவு, டெபிட், கிரெடிட். பத்தாம் வகுப்போட பயாலஜிக்கு டாட்டா காட்டினவன். அப்படிப்பட்டவன் எதுக்கு சரக்கு, கலோரி, சுகர்னு எழுத வந்துட்டான்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. கொஞ்சம் வெக்கமான காரணம். அதனால நடுவுல சொல்றேன்.

இப்போ மேட்டர்.

எங்க கிளாஸ்ல ஒரு கோஷ்டி இருக்கு (நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், முறைக்காதீங்க). ஜிம்முக்குப் போகும், முட்டையில மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடும், பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிக்கும். சனிக்கிழமை ராத்திரி ஆனா அதே கோஷ்டி "மச்சி, பீர் வேணாம், தொப்பை போடும். டெக்கிலா அடிப்போம், அதுல சுகரே இல்லை, உடம்பு இளைக்குமாம்" என்று சொல்லும். ஆதாரம் கேட்டா ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சுட்டாங்களாம்.

சரி, அந்த விஞ்ஞானிகள் என்னதான் கண்டுபிடிச்சாங்கன்னு தேடிப் போனேன். கதை சுவாரசியமாத்தான் இருக்கு.

டெக்கிலா மெக்சிகோ சரக்கு. ஹலிஸ்கோ மாநிலத்துல டெக்கிலான்னே ஒரு ஊர் இருக்கு. நம்ம ஊர் கத்தாழை மாதிரி தோற்றம் இருக்கற நீல அகாவே என்ற செடியிலிருந்து எடுக்கறாங்க. செடி முத்தறதுக்கே ஆறேழு வருஷம் ஆகும். ஓலையை எல்லாம் வெட்டித் தள்ளிட்டா நடுவுல அன்னாசிப்பழம் மாதிரி ஒரு பெரிய கிழங்கு கிடைக்கும். அதுல ஃப்ரக்டான் வகை மாவுச்சத்து இருக்கு. அகாவேல இருக்கற இந்த வகைக்கு "அகாவின்" என்று பேர்.

2014 மார்ச்சில் அமெரிக்காவுல டல்லாஸ் நகரத்துல அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மாநாடு நடந்தது. மெர்சிடிஸ் லோபஸ் என்ற மெக்சிகோ ஆராய்ச்சியாளர் அங்கே ஒரு ஆய்வைச் சொன்னார். எலிகளுக்குக் குடிதண்ணீர்ல அகாவினைக் கலந்து கொடுத்தாங்க. ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சது, எலிகள் தின்னதும் குறைஞ்சது. சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு இது ஒரு இனிப்பூட்டியாகப் பயன்படலாம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

கவனிங்க. எலி. தண்ணீர். அகாவின். இந்த மூணுல எங்கேயாவது டெக்கிலா வருதா? வரலை. ஆனா ஊடகங்கள்ல தலைப்பு எப்படி வந்தது? டெக்கிலா குடிச்சா எடை குறையும்னு. சோலி முடிஞ்சது.

இதுல இருக்கற ஓட்டையை காமர்ஸ் பையனே கண்டுபிடிக்கலாம். கச்சாப் பொருள் வேற, உற்பத்திப் பொருள் வேற. அந்தக் கிழங்கை முதல்ல அடுப்புல போட்டு மணிக்கணக்கா வேக வைக்கறாங்க. எதுக்கு? அந்த ஃப்ரக்டானை உடைச்சு சாதாரண சர்க்கரையா மாத்தத்தான். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலா மாத்துது. அப்புறம் ரெண்டு தடவை காய்ச்சி வடிக்கறாங்க. தப்பித் தவறி உடையாத அகாவின் மிச்சம் இருந்தாலும் அது ஆவியாகி மேல வராது, பானையோட அடியிலயே தங்கிடும். அகாவேல அகாவின் இருக்கு, அதனால டெக்கிலா உடம்புக்கு நல்லதுன்னு சொல்றது, கரும்புல நார்ச்சத்து இருக்கு, அதனால ரம் அடிச்சா மலச்சிக்கல் போகும்னு சொல்ற மாதிரி.

ஆனா ஃபார்வர்டுல ஒரு பாதி உண்மை இருக்கு. டெக்கிலாவுல சர்க்கரை இல்லைதான். கார்போஹைட்ரேட் சைபர், கொழுப்பு சைபர், புரதம் சைபர். அப்போ கலோரியும் சைபரா?

இங்கதான் நம்ம எல்லாரும் கோட்டை விடறோம். ஸ்கூல்ல மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று சொல்லிக் கொடுத்தாங்க. நாலாவது ஆளை யாரும் சொல்லவே இல்லை. ஆல்கஹால், கிராமுக்கு 7 கலோரி. சர்க்கரையை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு, கொழுப்புக்குப் பக்கத்து வீடு. (நாம பேச்சுல கலோரின்னு சொல்றது எல்லாமே கிலோ கலோரிதான், சயின்ஸ் குரூப்காரங்க சண்டைக்கு வராதீங்க.)

கணக்குப் போட ஒரு சின்ன ஃபார்முலா. ஆல்கஹாலோட அடர்த்தி ஒரு மில்லிக்கு 0.789 கிராம். அதை 7 ஆல பெருக்கி, சதவீதத்துக்காக 100 ஆல வகுத்தா சுமார் 0.055 வரும். அதனால,

மில்லி × ஆல்கஹால் சதவீதம் × 0.055 = ஆல்கஹாலால் மட்டும் வரும் கலோரி.

இப்போ கால்குலேட்டரை எடுங்க.

டெக்கிலா, 40 சதவீதம், 60 மில்லி: 132 கலோரி.

நம்ம ஊர் பிராந்தி, விஸ்கி, ரம், 42.8 சதவீதம், 60 மில்லி: 141 கலோரி.

அதே சரக்கு ஒரு குவார்ட்டர், 180 மில்லி: 424 கலோரி.

ஒயின், 13 சதவீதம், 150 மில்லி: ஆல்கஹாலால் 107, அதுல இருக்கற கொஞ்சம் சர்க்கரையையும் சேர்த்தா 120 சொச்சம்.

ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம், 650 மில்லி: ஆல்கஹாலால் மட்டும் 286. மாவுச்சத்தும் சேர்ந்தா 350ஐத் தாண்டும்.

இதுல முக்கியமான பாடம் என்னன்னா, ஒரே சதவீதம், ஒரே அளவுன்னா டெக்கிலா, வோட்கா, ஜின், விஸ்கி எல்லாத்துக்கும் கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆயிரம் ரூபாய் பாட்டிலா பத்தாயிரம் ரூபாய் பாட்டிலாங்கறது கல்லீரலுக்குத் தெரியாது. டெக்கிலாவுக்கு தனிச் சலுகை எதுவும் கிடையாது.

ஒரு இட்லி சுமார் 60 கலோரின்னு வெச்சுக்கோங்க. குவார்ட்டர் அடிச்சா ஏழு இட்லி. ஆனா ஏழு இட்லி சாப்பிட்டா வயிறு நிறையும், கூடவே உளுந்தோட புரதமும் வரும். குவார்ட்டர்ல வயிறும் நிறையாது, புரதமும் இல்லை. நிறையாத வயிறுக்கு சிக்கன் 65, ஆம்லெட், மிக்சர் என்று தனி பட்ஜெட். வோட்காவுல ஊத்தற 200 மில்லி கோலாவுல மட்டும் 85 கலோரி பக்கம் இருக்கு. டெக்கிலாவை மார்கரிட்டாவா குடிச்சா ஆரஞ்சு மதுவும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து ஒரு கிளாஸே 250ஐ சாதாரணமாகத் தாண்டும். சுகரே இல்லாத சரக்கை சுகர்ல முக்கிக் குடிக்கறது தனிக் கலை :-)

இன்னொரு விஷயம். மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடம்பு சேமிச்சு வைக்க முடியும். ஆல்கஹாலைச் சேமிக்க இடமே இல்லை. அது ஒரு விஷப் பொருள், உடனே எரிச்சாகணும். அதனால கல்லீரல் மத்த வேலையை ஓரம் கட்டிட்டு இதை முதல்ல எடுத்துக்குது. அதுவரைக்கும் கொழுப்பு எரிக்கற வேலை மந்தமாயிடும். நீங்க தின்ன சிக்கன் 65 நேரா கோடவுனுக்குப் போயிடும். எங்க பாஷையில சொன்னா, ஆல்கஹால் முன்னுரிமைக் கடன்காரன். அவனுக்குக் கொடுத்து முடிச்ச பிறகுதான் மத்தவங்களுக்கு.

நம்ம ஊர்ல டெக்கிலா கதை புதுசு. பழைய கதைகளையும் ஒரு ஓட்டு ஓட்டிடலாம்.

"பீர் பார்லித் தண்ணிதானே, உடம்பு தேறும்." ஒல்லியா இருக்கற ஒவ்வொருத்தனும் வாழ்க்கையில ஒரு தடவையாவது கேட்ட அறிவுரை. 650 மில்லி பீர்ல புரதம் சுமார் 3 கிராம். அரை முட்டை! தேறறது உடம்பு இல்லை, தொப்பை.

"ஒயின் குடிச்சா கலர் வரும்." இதுக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. ஆல்கஹால் தோலுக்கு அடியில ரத்தக் குழாயை விரிக்கும், முகம் கொஞ்ச நேரம் சிவக்கும். அவ்வளவுதான். காலையில எழுந்தா நம்ம பழைய கலர்தான், அதுக்கு என்ன குறைச்சல்?

"சளிக்கு பிராந்தி." அதே ரத்தக் குழாய் கதைதான். தோல் பக்கம் ரத்தம் ஓடறதால சூடா இருக்கற மாதிரி தெரியும். உண்மையில உடம்போட உள் சூடு வெளியே போயிட்டிருக்கும்.

நிற்க. இப்போ அந்த வெக்கமான காரணம்.

எங்க அம்மாவோட தம்பி, என் மாமா, திருச்சியில இருக்கார். சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம் ஆச்சு. மாத்திரை சாப்பிடறார். மாசத்துக்கு ரெண்டு தடவை பீர் குடிப்பார், அத்தை திட்டுவாங்க, அவர் சிரிப்பார். போன வருஷம் தீபாவளிக்கு நாங்க எல்லாரும் அங்கே போயிருந்தோம். வெளிநாட்டுல இருந்து வந்த மாமாவோட நண்பர் ஒரு டெக்கிலா பாட்டில் கொடுத்திருந்தார். மாமா அதைப் பிரிக்காமலே வெச்சிருந்தார். "நமக்கு இதெல்லாம் ஒத்துக்குமா மாப்ளே? நீ காலேஜ் படிக்கிற பையன், இதுல சுகர் எவ்ளோன்னு பாத்து சொல்லு" என்று பாட்டிலை என் கையில கொடுத்தார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆல்கஹால் சதவீதம் இருந்தது. எந்த ஊர் தயாரிப்புன்னு இருந்தது. எச்சரிக்கை வாசகம் இருந்தது. அது தவிர ஒண்ணும் இல்லை. போனை எடுத்துத் தேடினேன். கார்போ சைபர், சர்க்கரை சைபர் என்று வந்தது. அந்த எலி ஆராய்ச்சியும் வந்தது, டெக்கிலா சர்க்கரையைக் குறைக்கும்னு தலைப்போட. பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்: "மாமா, பீரை விட இது உங்களுக்கு நல்லது. சுகர் சைபர். சொல்லப்போனா சுகரைக் குறைக்குமாம்."

மாமா சந்தோஷப்பட்டார். ராத்திரி மாத்திரையைப் போட்டுட்டு, நண்பரோட மாடியில உக்காந்தார். "சுகர்தான் இல்லையே, சோறையும் விட்டுட்டா இன்னும் நல்லது"ன்னு சாப்பாட்டையும் தவிர்த்துட்டார். பன்னெண்டு மணிக்குப் படுத்தார். ரெண்டு மணி வாக்குல அத்தை வந்து எழுப்பினாங்க, மாமா ஏதேதோ உளர்றார், எழுந்திருக்க மாட்டேங்கறார்னு. நான் போய்ப் பார்த்துட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "மட்டையாயிட்டார் அத்தை, விடுங்க, தூங்கட்டும்."

அத்தை விடலை. சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, இது வெறும் போதை மாதிரி தெரியலைன்னு சொல்லிட்டு, வீட்டுல இருந்த மெஷின்ல விரல்ல குத்திப் பார்த்தாங்க. 41. எங்களுக்குக் கை கால் ஓடலை. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், நரம்புல குளுக்கோஸ் ஏத்தி, கண்ணைத் திறந்து அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டப்போ விடிஞ்சிருந்தது. அந்த மாத்திரையோட வேலை ரொம்ப நேரம் நீடிக்கும், மறுபடியும் இறங்கலாம்னு அடுத்த நாள் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தாங்க.

டாக்டரம்மா எனக்கு விளக்கினாங்க. நம்ம சாப்பிடாத நேரத்துல ரத்தத்துல சர்க்கரை குறையாம பாத்துக்கறது கல்லீரல்தான். சேமிச்சு வெச்சதை எடுத்து விடும், அது தீர்ந்தா புதுசா தயாரிக்கும். ஆல்கஹாலை எரிக்கற வேலையில மாட்டிக்கிட்டா அந்தப் புதுத் தயாரிப்பு தடைபடும். மாமா சாப்பிட்டது கிளிமிபிரைடு வகை மாத்திரை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கறது. ஒரு பக்கம் இன்சுலின் சர்க்கரையை இறக்குது, இன்னொரு பக்கம் கல்லீரல் புதுச் சரக்கு அனுப்ப மாட்டேங்குது, வயித்துலயும் சாப்பாடு இல்லை. வரவே இல்லாம செலவு மட்டும். எந்த கம்பெனி தாங்கும்? அதை விட மோசம், சர்க்கரை இறங்கினா வர்ற உளறல், தள்ளாட்டம், மயக்கம் எல்லாம் அப்படியே போதை மாதிரியே இருக்கும். பக்கத்துல இருக்கறவன் "விடுங்க, தூங்கட்டும்"னு சொல்லிடுவான். நான் சொன்ன மாதிரி.

"தம்பி, சர்க்கரை இல்லாத சரக்குதான் இவருக்கு ஆபத்து இல்லாததுன்னு யார் சொன்னது?" என்று கேட்டாங்க. நான் தரையைப் பார்த்தேன். மாமா இன்னிக்கு வரைக்கும் என்னைக் காட்டிக் கொடுக்கலை.

அதனாலதான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிச்சேன். எனக்கு ஒரே கேள்வி. அஞ்சு ரூபா பிஸ்கட் பாக்கெட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் போட்டாகணும். மாமாவுக்குத் தெரியணும்னு நினைச்ச விஷயம், கலோரி கொட்டிக் கிடக்கற அந்த பாட்டில்ல ஏன் இல்லை?

சட்டம் அப்படி. இந்தியாவுல மதுபானங்களுக்கான உணவுப் பாதுகாப்பு விதிமுறை 2018ல் வந்து, 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குடிப்பது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்ற எச்சரிக்கை கட்டாயம். ஆனா ஊட்டச்சத்து விவரம் லேபிள்ல இருக்கக் கூடாதுன்னே எழுதியிருந்தாங்க. கலோரியைப் போட்டே ஆகணும்னு இங்கே கட்டாயம் இல்லை.

வெளிநாட்டுக்காரனும் இதுல பெரிய ஒழுங்கு இல்லை. ஐரோப்பிய யூனியன் 2011ல் கொண்டு வந்த உணவு லேபிள் சட்டத்துல 1.2 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தா ஊட்டச்சத்து விவரம் தேவையில்லைன்னு விலக்கு. அதாவது ஆரஞ்சு ஜூஸுக்கு உண்டு, விஸ்கிக்குக் கிடையாது! ஒயினுக்கு மட்டும் 2023 டிசம்பர் 8 முதல் கட்டாயமாக்கினாங்க. அயர்லாந்து 2023ல் கலோரியும் புற்றுநோய் எச்சரிக்கையும் போடணும்னு சட்டம் போட்டது, 2026ல் வர வேண்டியதை 2028க்குத் தள்ளி வெச்சது. அமெரிக்காவுல சரக்கு லேபிள் உணவுத் துறை கையில இல்லை, வரி வசூலிக்கற கருவூலத் துறை கையில. அவங்க 2025 ஜனவரியில் ஒரு கலோரி லேபிள் திட்டத்தை முன்மொழிஞ்சாங்க.

வாங்கறவனுக்குத் தெரியாதது விக்கறவனுக்குத் தெரிஞ்சிருந்தா சந்தை ஒழுங்கா நடக்காதுன்னு நமக்கு எகனாமிக்ஸ்ல நடத்தினாங்க. பழைய கார் சந்தையை வெச்சு ஆக்கர்லாஃப் 1970ல் எழுதின கட்டுரை, அஞ்சு மார்க் கேள்வி, ஞாபகம் இருக்கா? பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துட்டோம்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன், அதுலயும் நியாயம் இருக்கு. சரக்குக்கு ஊட்டச்சத்து அட்டவணை போட்டா அது ஏதோ சாப்பாட்டுப் பொருள் மாதிரி ஆயிடும். யோசிச்சுப் பாருங்க, டெக்கிலா பாட்டில்ல "கொழுப்பு 0, சர்க்கரை 0, கொலஸ்ட்ரால் 0" என்று அச்சடிச்சிருந்தா? எச்சரிக்கை வாசகத்துக்குப் பக்கத்துலயே ஒரு இலவச விளம்பரம். எங்க மாமாவுக்கு நான் சொன்னதும் சரியா அந்த மூணு சைபரைத்தானே? அது பொய் இல்லை. ஒவ்வொரு சைபரும் உண்மை. எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பொய் ஆயிடுச்சு. பேலன்ஸ் ஷீட்ல ஒவ்வொரு வரியும் சரியா இருந்து, ஒரே ஒரு கடனை மட்டும் காட்டாம விட்டா எப்படி இருக்குமோ, அப்படி.

அதனால என் கருத்து இதுதான். முழு அட்டவணை வேண்டாம். சைபர் எதுவும் வேண்டாம். மூணே விஷயம் கட்டாயமாக்கினா போதும்.

ஒண்ணு, இந்த பாட்டில்ல மொத்தம் எத்தனை கிராம் ஆல்கஹால். சதவீதம் போட்டா யாருக்கும் புரியறதில்லை. குவார்ட்டர்ல 61 கிராம்னு போட்டா உறைக்கும்.

ரெண்டு, மொத்தம் எத்தனை கலோரி. 100 மில்லிக்கு இவ்வளவுன்னு பொடி எழுத்துல வேண்டாம். நம்ம ஊர்ல எவன் 100 மில்லி அளந்து குடிக்கறான்? முழு பாட்டிலுக்கும் போடணும்.

மூணு, சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க வெறும் வயித்துல குடிச்சா சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்னு ஒரு வரி. தமிழ்ல, பெரிய எழுத்துல.

குடி கெடுதல்னு ஏற்கனவே போட்டிருக்கேன்னு சொல்லலாம். அதை எல்லாரும் சினிமாவுல மூலையில ஓடற வரி மாதிரிதான் பாக்கறோம். பொதுவான எச்சரிக்கை யாருக்கோ சொன்ன மாதிரி இருக்கும். நம்பர் நமக்குச் சொன்ன மாதிரி இருக்கும். தமிழ்நாட்டுல இதைச் செய்யறது இன்னும் சுலபம். 2003லிருந்து சில்லறைக் கடையும் அரசாங்கத்தோட டாஸ்மாக்தான். விக்கறவரும் அவர், உடல்நலத் துறை நடத்தறவரும் அவர். லேபிள் மாறற வரைக்கும் கடை சுவத்துல ஒரு போர்டாவது வைக்கலாம். செலவு? ஒரு பெயின்ட் டப்பா.

இதைப் போட்டா எல்லாரும் குடியை விட்டுடுவாங்கன்னு நான் நம்பலை. அளவா குடிச்சா நல்லதுன்னு சொல்லவும் வரலை, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2023ல் சொல்லிடுச்சு. குடிக்கறவன் குடிக்கட்டும், வேண்டாம்னு விடறவன் விடட்டும். ஆனா தெரிஞ்சு செய்யட்டும். பாட்டில் வாயைத் திறக்கலைன்னா அந்த இடத்தை ஃபார்வர்டு நிரப்பும். ஃபார்வர்டு நிரப்பலைன்னா என்னை மாதிரி ஒரு அரைகுறை மாப்ளே நிரப்புவான்.

அந்த பாட்டில் இன்னும் மாமா வீட்டு அலமாரியில பாதி காலியா நிக்குது. அத்தை அதைத் தூக்கிப் போடலை. மேல ஒரு வெள்ளை பேப்பரை ஒட்டி பேனாவுல எழுதி வெச்சிருக்காங்க: "சுகர் 41". நான் பார்த்த சரக்கு லேபிள்லயே உருப்படியான லேபிள் அதுதான்.

டிஸ்கி: ஜிம் கோஷ்டி மக்களே, டெக்கிலாவோட வர்ற உப்புலயும் எலுமிச்சைத் துண்டுலயும் கலோரி கிட்டத்தட்ட கிடையாது. அதை மட்டும் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போனா கண்டிப்பா இளைக்கலாம் :-) வேற கருத்து இருந்தா சொல்லிட்டுப் போங்க, திட்டறதா இருந்தாலும் சரி. கணக்குல தப்பு இருந்தா மட்டும் ஸ்டெப்போட காட்டணும்.